உப்புத் தண்ணீரும் இரண்டாவது டிஷ்வாஷரும்

2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு ஏழு மாதம் முன்புதான், அந்த பிப்ரவரியில், 52,000 ரூபாய் கொடுத்து எங்கள் வீட்டுக்கு இரண்டாவது மெஷினை வாங்கியிருந்தேன். கணக்குப் போட்டால் நாலாயிரத்துச் சொச்சம் எனக்கு நஷ்டம். விலை இறங்கியதிலிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் சித்தி மகள் திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, நீ வெச்சிருக்கற மாடலையே வாங்கிடட்டுமா?" ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் தினமும் ஓட்டிப் பார்த்தவள் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் மெஷின் 2020இல் ஊரடங்கு நேரத்தில் வாங்கியது. வேலைக்கு வரும் அக்காவால் வர முடியவில்லை. ஆறு பேருக்கு மூன்று வேளையும் சமைத்து, கழுவி, என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போயிருந்தது. கடையில் விற்றவர், மெஷினில் போடும் சோப்பு மாத்திரையைக் காட்டி, "மாத்திரையிலயே உப்பு இருக்குங்க மேடம், தனியா உப்பு போட வேண்டியதில்ல" என்றார். நம்பினேன். நாலு வருடத்துக்கு மேல் உப்புப் போடும் மூடியைத் திறந்ததே இல்லை.

2025 பொங்கல் முடிந்த வாரம் தட்டுகள் எண்ணெய்ப் பிசுக்கோடு சில்லென்று வெளியே வந்தன. தண்ணீர் சூடாகவில்லை. பார்க்க வந்த தம்பி மெஷினைச் சாய்த்து, அடியைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, கடைசியா உப்பு எப்பங்க போட்டீங்க?" போர் குழாயின் நுனியில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதே பூப்பு ஹீட்டரின் உள்சுவர் முழுக்க. ஸ்க்ரூடிரைவர் முனையால் அவர் கீறியபோது முட்டை ஓடு போலத் துண்டு துண்டாக உதிர்ந்தது. அந்த மெஷினில் பம்பும் ஹீட்டரும் சேர்ந்த ஒரே பாகம். அதை மாற்ற 13,000 ரூபாய். "மாத்தினாலும் மத்த இடத்திலயும் இதே மாதிரிதாங்க இருக்கும்" என்றார். நேர்மையான பையன். செலவு வைத்துவிட்டுப் போயிருக்கலாம், வைக்கவில்லை.

விற்றவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மாத்திரையில் இருக்கும் சரக்கு ஓரளவு கடினமான, அதாவது சுண்ணாம்பு கலந்த, தண்ணீருக்குத்தான் தாங்கும். மெஷினின் அடியில் தண்ணீரை மென்மையாக்கும் பெட்டி (சாஃப்ட்னர்) ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் ஓடி அவற்றைக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த உப்பு. மாத்திரை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் போகாது. சமையல் உப்பைக் கொட்டினாலும் ஆகாது. அதில் அயோடினும், கட்டிப் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற பொருளும் இருக்கின்றன. டிஷ்வாஷர் உப்பு என்றே கல் கல்லாக விற்கிறார்கள், அதுதான் வேண்டும்.

எங்கள் அத்தைக்கு இது விளங்கவே இல்லை. "உப்புத் தண்ணிக்கு மறுபடி உப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். கோவையில் போர் தண்ணீரை நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். மெஷினுக்கு எமன் அதில் இருக்கும் உப்புக் கரிப்பு இல்லை, சுண்ணாம்பு. டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு இதுதான் கடினத்தன்மை என்று சொல்பவர்களும் நிறையப் பேர். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. மீன் தொட்டிக் கடையில் கடினத்தன்மை பார்க்கிற சொட்டு மருந்து கிடைக்கிறது. ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். எங்கள் போர் தண்ணீருக்கு எண்ணி எண்ணிக் கையே வலித்தது. 620 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில், வேறு வழியே இல்லாவிட்டால் ஏற்கலாம் என்று வைத்திருக்கும் உச்சம் 600. குடிக்க வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரை எடுத்தால் இரண்டாவது சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனதால் இந்த முறை நான் கேட்ட முதல் கேள்வி, "உள்ள இருக்கற சாஃப்ட்னர் எவ்வளவு கடினத்தன்மை வரைக்கும் தாங்கும்?" நாலு கடையில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எத்தனை புரோகிராம், வைஃபை இருக்கா, எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார்கள். கடைசியில் வீட்டில் உட்கார்ந்து, பிடித்த மாடல்களின் கையேடுகளை இறக்கிப் படித்தேன். அதில் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 17.8 பிபிஎம். எங்கள் தண்ணீர் 35 டிகிரி. 50 டிகிரி வரை தாங்கும் மாடலாகப் பார்த்து எடுத்தேன். சமையல் ருசி மாதிரி ஆளுக்கு ஆள் மாறுகிற சங்கதி இல்லை இது. கையேட்டில் அந்த எண் உங்கள் தண்ணீருக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் யோசித்தேன். அடுப்படிக்கு இரண்டு குழாய் வருகிறது, ஒன்றில் போர், ஒன்றில் சிறுவாணி. பழைய மெஷினை மாட்டிய பிளம்பர், பாத்திரம் கழுவத்தானே என்று யாரையும் கேட்காமல் போர் குழாயில் மாட்டிவிட்டுப் போனார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது சிறுவாணியில் மாட்டினால் என்ன?

அத்தை ஒரே பிடியாக நின்றார். "ஏன் கண்ணு, குடிக்கற தண்ணியில போய் பாத்திரம் கழுவறதா? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி." குடத்தில் தண்ணீர் சுமந்தவர் அவர். அவரிடம் கையேட்டைக் காட்டி என்ன பிரயோஜனம்? புது மெஷின் வந்த மறுநாள், வடிகால் குழாயை சிங்க்கில் விடாமல் மேடையில் வைத்த பக்கெட்டுக்குள் விட்டேன். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். முதலில் மஞ்சளாக, எண்ணெய் மிதந்துகொண்டு வந்தது. அடுத்த தடவை வெளிறி வந்தது. கடைசியில் வந்தது கண்ணாடி மாதிரி. எல்லாம் முடிந்து லிட்டர் செம்பால் அளந்தோம். 11 லிட்டர், அதற்கு மேல் ஒரு டம்ளர். அன்று மதியம் கையால் கழுவிய பாத்திரத்துக்கு நான்கு பக்கெட் போயிருந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது, "அப்ப சரி, நல்ல தண்ணியவே குடு" என்றார்.

பிளம்பர் இரண்டு குழாயிலிருந்தும் கிளை எடுத்து, தண்ணீர் ஒன்றோடொன்று கலக்காதபடி வால்வு வைத்துக் கொடுத்தார். மொத்தம் 1,900 ரூபாய். வெயில் காலத்தில் சிறுவாணி பத்து நாள் தள்ளிப்போனால் போருக்கு மாற்றிக்கொள்வேன். அப்படி மாற்றும்போது மெஷினில் கடினத்தன்மை அளவையும் பட்டனை அழுத்தி ஏற்ற வேண்டும், திரும்பி வரும்போது இறக்க வேண்டும். மறந்துவிடாமல் இருக்க ஒரு சீட்டு எழுதிக் கதவோரம் ஒட்டியிருக்கிறேன். உப்புக் கொட்டினால் உடனே ஒரு ஓட்டம் விட்டுவிடுங்கள். சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் ஸ்டீலை அரிக்கும்.

இனி மெஷின் வேலை செய்யும் லட்சணம். இட்லித் தட்டின் ஓட்டைகளில் ஒரு பொட்டு மாவு இல்லாமல் வருகிறது. எனக்கு அது ஒன்றே போதும் என்று தோன்றிய நாட்கள் உண்டு. 70 டிகிரி புரோகிராமில் போட்டால், பணியாரச் சட்டியைத் தவிர (அது இரும்பு, உள்ளே வைக்கவே கூடாது) பொரித்த வடச்சட்டி, கறிக்குழம்புப் போசி எல்லாம் பளிச்சென்று வரும். இத்தனைக்கும் நான் ஊற வைப்பதில்லை, சோற்றுப் பருக்கையை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அடுக்குகிறேன். அலுமினியக் குக்கரை வைத்தால் கறுத்துவிடும். மண்சட்டி, பித்தளை, தோசைக்கல் எல்லாம் கையால்தான். கண்ணாடி டம்ளரில் வெள்ளை படர்ந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே தேய்ந்திருக்கிறது, மீட்க முடியாது. மென்மையான தண்ணீரில் அது சீக்கிரம் தேயும். அதனால் சிறுவாணியில் ஓட்டும்போது பவுடரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறேன். கறிவேப்பிலை, சீரகம், பருப்புத் தோல் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஒருமுறை திருகிப் பூட்டாமல் விட்டுவிட்டேன். கடுகு மேலேறி, தண்ணீர் பீய்ச்சும் கையின் துளைகளில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு கறுப்புப் பொட்டு. விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று இருக்கிறது. அது மூன்றாவது தட்டு.

13 செட் மாடலில் (ஒரு செட் என்பது ஒரு ஆள் சாப்பிடும் தட்டு, டம்ளர், கரண்டி) கரண்டி போட ஒரு கூடை வரும். 14 செட் மாடலில் கூடைக்குப் பதிலாக, எல்லாவற்றுக்கும் மேலே, கரண்டிகளைப் படுக்கை வாட்டில் அடுக்க ஒரு இழுப்புத் தட்டு வரும். ஐயாயிரம் கூடுதல். ஆறு பேர் இருக்கும் வீடு, ஒரு செட் கூட இருக்கட்டுமே என்று கொடுத்தேன். அந்தத் தட்டு முள்கரண்டிக்கும் கத்திக்கும் செய்தது. நம் வீட்டில் இருப்பது குழம்புக் கரண்டி, சாதக் கரண்டி, ஜல்லிக் கரண்டி. குழம்புக் கரண்டியைப் படுக்கப் போட்டால் குழி தூக்கிக்கொண்டு நிற்கும், தட்டு உள்ளே போகாது. கவிழ்த்துப் போட்டால் காம்பு தூக்கும். அந்தத் தட்டு இருக்கும் உயரத்துக்கு நடுத்தட்டில் இடம் குறைகிறது. சொம்பும் காபி ஃபில்டரும் நேராக நிற்காது, சாய்த்து வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கும். மூன்றாம் மாதமே அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

கழற்றியதும் அடுத்த பிரச்சினை. இந்த மாடலோடு கூடை கொடுக்கவில்லை. கரண்டிகளை நடுத்தட்டிலேயே படுக்கப் போட்டு ஓட்டினேன். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில் டக், டக் என்று சத்தம். பால் கரண்டியின் காம்பு கம்பி இடுக்கு வழியாகக் கீழே நழுவி, சுழலும் கையைத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. காலையில் திறந்தால் மேலே இருந்த பாதிப் பாத்திரத்தில் தண்ணீரே படவில்லை. கூடையைத் தனியாகச் சொல்லி வரவழைத்தேன், 1,800 ரூபாய், ஐந்து வாரம். இந்த மாடலுக்கென்று செய்த கூடை இல்லை என்பதால் கீழ்த்தட்டில் இரண்டு தட்டு வைக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கூட ஒரு செட் வேண்டும் என்று ஐயாயிரம் கொடுத்தவளுக்கு இப்போது 13 செட் கூட வைக்க முடியவில்லை. இந்த ஊரில் விற்கிறார்கள், இந்த ஊர்ச் சமையலைக் காட்டித்தான் விளம்பரமும் செய்கிறார்கள். ஒரு குழம்புக் கரண்டியை வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? தினமும் ராத்திரி அடுக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு வருகிறது.

நியாயமாகச் சொன்னால் கழுவுவதில் இதற்குக் குறையே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு ரிப்பேர் வரவில்லை. போன மாதம் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன், வெள்ளைப் பொட்டு ஒன்றுகூட இல்லை. என் கைவிரல் வெடிப்பும் ஆறிவிட்டது. ஆனாலும் சித்தி மகளிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். இதே வகையில் கூடையோடு வரும் 13 செட் மாடலை எடுக்கச் சொன்னேன். கடைக்குப் போகும்போது வீட்டுக் குழம்புக் கரண்டியையும் சொம்பையும் பையில் போட்டுக் கொண்டுபோய், அங்கேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"கடையில சிரிப்பாங்க அக்கா" என்றாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கும் முன்னால் அவள் வீட்டுப் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். சொட்டு மருந்து இன்னும் பாதிக் குப்பி இருக்கிறது.