பாம்பே டோஸ்ட்: குறைக்க வேண்டியது சர்க்கரையா, நெய்யா?

எங்கள் வீட்டில் பாம்பே டோஸ்ட் என்றாலே ஒரு வழக்கு கிளம்பிவிடும். சர்க்கரையைக் குறை என்பது ஒரு கட்சி. நாட்டுச் சர்க்கரை போடு என்பது இன்னொரு கட்சி. நெய்யைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிகளும் வாய் திறப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 துண்டு ரொட்டிக்கு 2 முட்டை, முக்கால் டம்ளர் பால், 4 தேக்கரண்டி சர்க்கரை, பொரித்தெடுக்க 2 மேசைக்கரண்டி நெய். சர்க்கரை 20 கிராம், அதாவது 80 கலோரி. நெய்யோ சுமார் 27 கிராம். 240 கலோரியைத் தாண்டுகிறது. மூன்று மடங்கு! நாட்டுச் சர்க்கரைக்கு மணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கலோரியில் அது வெள்ளைச் சர்க்கரையின் உடன்பிறப்புதான். போதாக்குறைக்குக் கல்லில் சீக்கிரம் கருகவும் செய்கிறது.

ஆகவே போட்டி, நெய்யைக் குறைக்கும் வழிகளுக்கிடையே. ஏர் ஃப்ரையரில் நெய்யே இல்லாமல் செய்யலாம் என்றார்கள். செய்தேன். முட்டைக்கலவை கூடையின் ஓட்டைகள் வழியே சொட்டி அடியில் ஆம்லெட் ஆனது. அடுத்த முறை பேக்கிங் காகிதம் விரித்தேன். சொட்டவில்லை, ஆனால் ஓரங்கள் ரஸ்க் போல வறண்டன. ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் வைத்தால் இதைவிடச் சீராகச் சிவக்கும், நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் ஆகும். இரண்டு துண்டுக்காக அதைச் சூடேற்றுவது வீண்.

என் ஓட்டு தோசைக்கல்லுக்கு. பழகிய இரும்புக்கல்லாக இருக்க வேண்டும். நெய்யை ஊற்றக் கூடாது, தேய்க்க வேண்டும். தோசைக்குத் தேய்க்கும் அதே வெங்காயத்தை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன், கலவையில் போட்டிருந்த ஏலக்காயின் மணம் வெங்காயத்திடம் தோற்றது. பாதியாக நறுக்கிய உருளைக்கிழங்கு நல்லது, வாசனை ஒட்டாது. 4 துண்டுக்கும் சேர்த்து 2 தேக்கரண்டி நெய் போதும். தீ மிதமாக இருக்கட்டும். கல் போதிய அளவு காயாவிட்டால் ரொட்டி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பதற்றத்தில் கை தானாக நெய்க்கிண்ணத்துக்குப் போகும்.

முந்தைய நாள் ரொட்டி இதற்கு மிக உகந்தது. புது ரொட்டி கலவையைக் குடித்துத் தொளதொளத்துவிடும். பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்துக் கோதுமை ரொட்டி என்று நம்ப வேண்டாம். உறையின் பின்புறம் முதலில் மைதா என்றிருந்தால் அது மைதா ரொட்டிதான். பாலில் பெரிய ஆதாயம் இல்லை. கொழுப்பு 6 சதவீதமுள்ள நிறைகொழுப்புப் பாலை விட்டு 3 சதவீதப் பாலுக்கு மாறினால் நான்கைந்து கிராம் குறையும், அவ்வளவே.

சர்க்கரைக்குப் பதில் கனிந்த வாழைப்பழத்தை மசித்துக் கலப்பவர்கள் உண்டு. சுவை நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது வேறு பலகாரம், மொறுமொறுப்பு போய்விடும். நான் கலவையில் சர்க்கரையே சேர்ப்பதில்லை. கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே துண்டுக்குக் கால் தேக்கரண்டி தூவிவிடுகிறேன். பாதி உருகி, பாதி மணலாக நிற்கும். நாக்கில் முதலில் படுவது அதுதான் என்பதால் 4 தேக்கரண்டியின் இடத்தில் ஒன்றே போதுகிறது.

முதல் துண்டு எப்படியும் கொஞ்சம் ஒட்டிப் பிய்ந்துதான் வரும். அது சமைப்பவரின் பங்கு.