அலெக்சாண்டரின் தங்கப் பதக்கங்கள்: பாரிஸா, லிஸ்பனா?

அலெக்சாண்டரின் உருவம் பொறித்த தங்கப் பதக்கங்கள் பாரிஸில் ஒரு தொகுப்பு, லிஸ்பனில் ஒரு தொகுப்பு. இரண்டும் அலெக்சாண்டர் இறந்து ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், ரோமப் பேரரசுக் காலத்தில் செய்தவை. எதைப் பார்க்கப் போவது?

கிடைத்த இடம்: பாரிஸில் இருப்பவை 1863-இல் இன்றைய துருக்கியின் தார்சூஸில் கிடைத்தவை. லிஸ்பனில் இருப்பவை 1902-இல் எகிப்தின் அபுகீரில்.

எண்ணிக்கை: தார்சூஸ் மூன்றுதான். அபுகீர் புதையலில் மொத்தம் 20. அதில் 11 லிஸ்பனின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில்.

உருவம்: தார்சூஸ் பதக்கங்கள் அளவில் பெரியவை. ஒன்றில் அலெக்சாண்டர் சிங்கத்தோலைத் தலையில் போர்த்தியிருக்கிறார், கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் போல! தந்தை பிலிப்பும் உண்டு. அபுகீரில் தாய் ஒலிம்பியாஸ், ரோமப் பேரரசர் கரகல்லா என முகங்கள் கூடுதல்.

நம்பகம்: அபுகீர் பதக்கங்கள் வெளிவந்தபோது போலியோ என்று சந்தேகித்தார்கள். அப்புறம் அசல் என்றே ஏற்றார்கள்.

அலெக்சாண்டரும் தந்தையும் போதுமென்றால் பாரிஸ். அவர் தாயின் முகத்தையும் பார்க்க ஆசையா, சரி, லிஸ்பன். என் ஓட்டு லிஸ்பனுக்கே.