கையைக் கட்டிய சண்டையா, அவிழ்த்துவிட்ட சண்டையா: ஒரு பழைய ஆர்.ஆர். ஆளின் கணக்கு

கடலூரில் முன்னாள் ராணுவத்தினர் நாலு பேர் சேர்ந்தால், பென்ஷன் பேச்சு முடிந்ததும் அடுத்து வருவது இதுதான்: "கையைக் கட்டிப் போட்டுட்டுத்தானே நம்மளை அனுப்பினாங்க." என் அக்கா மகனுக்கு இப்போது காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்க்க நிற்கும் ராணுவப் பிரிவான ராஷ்டிரிய ரைபிள்ஸில் (ஆர்.ஆர்.) போஸ்டிங் வந்திருக்கிறது, அவனும் அதையே கேட்கிறான். "சுடறதுக்கு இவ்ளோ ரூல்ஸ் வெச்சா நாங்க எப்படி மாமா உயிரோட திரும்பறது?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நானும் அங்கே ஹவில்தாராக இருந்தவன், எப்போது சுடலாம் என்பதில் கட்டுப்பாடு வேண்டும் என்கிற கட்சி. நடுநிலையான ஆளைத் தேடுகிறவர்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளலாம்.

தளர்வான விதியின் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சந்தேகம் வந்த நொடியில் சுடலாம், வீட்டுக்குள் ஆள் அனுப்பாமல் வீட்டையே இடிக்கலாம், அன்றைக்கு நம் பக்கம் சாவு குறையும். இறுக்கமான விதியில் அந்த ஆபத்தைச் சிப்பாய்தான் சுமக்கிறான். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஆனால் பலருக்குப் புரியாத ஒரு விஷயம், நம் நாட்டில் சட்டம் தளர்வு, கட்டளைதான் இறுக்கம். 1958-ல் வந்த ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி, கலவரப் பகுதி என்று அறிவித்த இடத்தில் ஒரு என்.சி.ஓ. (ஹவில்தார் மாதிரி, ஆபீசர் அல்லாத கீழ்நிலைத் தலைவர்) கூட, எச்சரித்துவிட்டு, உயிர் போகும் அளவுக்குச் சுட உத்தரவிடலாம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வழக்கும் போட முடியாது. இதற்கு மேல்தான் ராணுவத்தின் 'செய்யலாம், செய்யக்கூடாது' பட்டியல் வந்து உட்காருகிறது: குறைந்தபட்ச பலம், பிடித்தவனைத் தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைப்பது, பிடித்த பிறகு கை வைக்காமல் இருப்பது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, கூடவே இந்தப் பட்டியலும் கட்டுப்படுத்தும் என்றது.

அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களைக் கேட்டாலே போதும். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் நின்ற தமிழர்கள் அங்கே உண்டு. புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்த அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் கிளர்ச்சி தொடங்கியது என்பது ஒரு விசித்திரம். 1956-ல் கிளர்ச்சியை அடக்கப் பிரெஞ்சு அரசுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்தார்கள், 1957-ல் அல்ஜியர்ஸ் நகரத்தில் போலீஸ் வேலையையே ஜெனரல் மாசுவின் பாராசூட் படையிடம் ஒப்படைத்தார்கள். சித்திரவதை செய்துதான் தகவல் வாங்கினார்கள், வேலையும் நடந்தது. அந்த வருட முடிவுக்குள் நகரத்தில் குண்டு வைத்த வலைப்பின்னல் உடைந்துபோனது. 1962-ல் நாடே கையை விட்டுப் போனது. "இது வேண்டாம்" என்று எதிர்த்த ஜெனரல் பொலார்தியேருக்குக் கிடைத்தது 60 நாள் கோட்டைச் சிறை. நம் பக்கத்திலும் 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியை அடக்க ஐஸ்வால் நகரத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு போட்டோம். மிசோரமில் ஒப்பந்தம் வர 1986 ஆயிற்று.

சரி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். 2009 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ஜெனரல் மெக்கிரிஸ்டல், பொதுமக்கள் இருக்கும் இடங்களில் விமானத் தாக்குதலை இறுக்கினார். செப்டம்பரில் கஞ்ச்கல் என்ற கிராமத்தில் மாட்டிக்கொண்ட ஆட்கள் பீரங்கி உதவி கேட்டுக் கேட்டு, நேரத்துக்குக் கிடைக்காமல் செத்தார்கள். "பார்த்தீர்களா, விதி கொன்றுவிட்டது" என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் விசாரணையில் பழி விழுந்தது கட்டளை மையத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் அலட்சியத்தின் மேல். அடுத்த வருடம் மெக்கிரிஸ்டல் இடத்துக்கு வந்த ஜெனரல் பெட்ரேயஸ், மக்களைக் காக்கும் விதிகளை எடுத்துப் போடவில்லை. கீழே இருக்கும் தளபதிகள் என் அனுமதி இல்லாமல் இன்னும் இறுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். ராணுவத்தில் இருந்த எவனுக்கும் அந்த வரியின் அருமை தெரியும். மேலே ஒரு முழம் சொன்னால் பிரிகேடில் ஒரு முழம், பட்டாலியனில் ஒரு முழம் சேர்ந்து கம்பெனிக்கு வரும்போது கயிறு கழுத்து வரை சுற்றியிருக்கும். சிப்பாயின் கோபத்தில் பாதிக்கு மேல் இந்தக் கூடுதல் முழங்கள் மேல்தான் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது என்னை ஒரு பக்கம் சாய வைத்த விஷயம். ஆர்.ஆர். பட்டாலியன் இடம் மாறுவதில்லை. ஆட்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாறுவார்கள், பட்டாலியன் அதே பள்ளத்தாக்கில் அதே மேட்டில் நிற்கும். எல்லாச் சாதக பாதகமும் கடைசியில் இதில்தான் வந்து முட்டுகிறது. பார்டரில் சண்டை போட்டுவிட்டு வரலாம், அங்கே இருப்பவன் எதிரி. இங்கே நேற்று கார்டன் போட்டுச் சுற்றி வளைத்துக் கதவை உடைத்த வீட்டு வாசல் வழியாகத்தான் நாளைக் காலை ஆர்.ஓ.பி., அதாவது சாலையில் குண்டு இருக்கிறதா என்று பார்க்கும் ரோந்து, நடக்க வேண்டும். சாலைச் சிறு பாலமான கல்வெர்ட்டுக்கு அடியில் ஐ.இ.டி. என்கிற நாட்டு வெடிகுண்டு வைத்திருக்கிறார்களா என்று நாயும் டிடெக்டரும் சொல்வதைவிட ஊர்க்காரன் முகம் சீக்கிரம் சொல்லிவிடும். கடை திறக்கும் நேரத்தில் திறக்கவில்லை, பிள்ளைகளை வெளியே காணோம், தினமும் சலாம் போடும் கிழவர் தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்றால் நாங்கள் நின்றுவிடுவோம். ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் அது சேர்ந்து ரோந்து போகும் சிறு குழுவான ஒரு செக்‌ஷனின் உயிர். அந்த ஒரு வார்த்தையை எந்தத் தளர்வு விதியும் வாங்கித் தராது, பல வருடம் காத்து வைத்திருப்பதை ஒரே இரவில் கெடுக்க மட்டும் அதால் முடியும். கெடுத்தவன் போஸ்டிங் மாறிப் போய்விடுவான், செக்‌ஷனோடு அந்தச் சாலையில் நடக்க வேண்டியவன் அடுத்து வருகிற, ஒன்றும் அறியாத என் அக்கா மகன்.

2021 டிசம்பர் 4, நாகாலாந்தில் ஓட்டிங். சுரங்க வேலை முடிந்து பிக்கப் வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளிகளைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவச் சிறப்புப் படையினர் சுட்டார்கள். ஆறு பேர் செத்தார்கள். தேடி வந்த ஊர்க்காரர்களோடு நடந்த மோதலில் இன்னும் பொதுமக்கள் செத்தார்கள், ஒரு சிப்பாயும் செத்தான். அந்தச் சிப்பாயை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடையாளத்தை உறுதி செய்துகொள் என்கிற விதி அவனையும் காப்பாற்றியிருக்கும். மத்திய அரசு வழக்குக்கு அனுமதி மறுத்தது, சட்டம் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்து ஊர்களில் ரோந்து போகிற பையனை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

யாழ்ப்பாணத்தைப் பற்றி நீட்டிப் பேச நான் ஆள் இல்லை, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் இருந்தவர்கள் எனக்கு சீனியர்கள். 1987 அக்டோபரில் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே மொழி பேசும் தமிழ் ஜவானிடம்கூட ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாவோயிஸ்டுகளோடு சண்டை நடந்த சத்தீஸ்கர் காடுகளிலும் நான் வேலை பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஊரே இல்லாத காட்டில் நேருக்கு நேர் மோதும்போது என் வாதம் எவ்வளவு தாங்கும் என்று சந்தேகம்தான், அங்கே கொஞ்சம் தளர்வு நியாயமாக இருக்கலாம். அதேபோல வீட்டுக்குள் பதுங்கியவனை வெளியே எடுக்க ஜவானை முதலில் அனுப்புவதா, சுவரை உடைப்பதா என்பதில், உள்ளே பொதுமக்கள் இல்லை என்று உறுதியானால் நானும் சுவரைத்தான் உடைக்கச் சொல்வேன். கட்டுப்பாடு என்றால் தற்கொலை இல்லை.

மருமகனுக்குக் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். போனதும் துப்பாக்கி, ரேடியோ எல்லாம் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்குவாய் இல்லையா, அதோடு கிளம்பிப் போகிற ஹவில்தாரை உட்கார வைத்து, எந்த ஊரில் எந்த வீட்டுக் கதவை எப்போது உடைத்தீர்கள், யார் வீட்டுப் பையனை அடித்தீர்கள், யார் நமக்குப் பேசுகிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதி வாங்கிக்கொள். சொல்லத் தயங்குவார், விடாதே.