குன்னூரில் இரண்டாகும் மலை ரயில்

ஊட்டி ரயில் என்று ஒரே பெயர்தான். டிக்கெட் எடுப்பவருக்கு அது இரண்டு ரயில். இரண்டும் சேருமிடம் குன்னூர். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் இதைத் தெரிந்துகொண்டு தேதி குறிப்பது நல்லது.

மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை 45.88 கி.மீ. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பல்சக்கரத் தண்டவாளம், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏற நடுவில் பல் வைத்த தண்டவாளம். 12 அடிக்கு ஓரடி வரை ஏற்றம். அங்கே நீராவி இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, கீழ்ப்பக்கமிருந்து பெட்டிகளைத் தள்ளும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். பாதை அங்கே முட்டி நிற்பதால், வண்டி கொஞ்சம் பின்னால் வந்துதான் வெலிங்டன் பக்கம் ஏறும். "என்னங்க, திரும்பக் கீழேயே போகுது?" என்று பக்கத்து சீட்டில் யாராவது பதறுவார்கள். புகைக்கும் பல்சக்கரத்துக்கும் ஆசைப்படுபவர் குன்னூர்–ஊட்டி டிக்கெட் எடுத்துப் பயனில்லை.

வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து தண்டவாளத்தை மூடுவது வாடிக்கை. அப்போதும் குன்னூர்–ஊட்டி வண்டிகள் பெரும்பாலும் ஓடும். கிறிஸ்துமஸ் லீவில் வருபவர்கள் கீழ்ப்பாதையை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து வழக்கமான வண்டி காலையில் ஒன்றுதான். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நாளில் சில வண்டிகள் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ரயில்வே ரத்து செய்த வண்டியின் இ-டிக்கெட் பணம் தானாகவே திரும்பிவிடும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ரயில் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் ஊர்ப் பெயரைத் தேடித் தடுமாற வேண்டாம், நிலையக் குறியீடுகள் இவை: மேட்டுப்பாளையம் எம்டிபி (MTP), குன்னூர் ஓஎன்ஆர் (ONR), ஊட்டி யூஏஎம் (UAM). கணக்கை முன்கூட்டியே தொடங்கி, கார்டு வேலை செய்கிறதா என்று வேறொரு சின்ன டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். மே மாத இருக்கைகள் கார்டு தகராறு தீரும்வரை காத்திருக்காது.

விமானத்தில் கொண்டுவரும் பெரிய சூட்கேஸ்களுக்கு மலை ரயிலின் சின்னப் பெட்டிகளில் இடம் கிடையாது. கைப்பையோடு ஏறி, பெரியவற்றைக் காரில் அனுப்புவதே வழி. ஆனால் 2024 மே முதல் வெளியூர்க் கார் நீலகிரிக்குள் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு) வேண்டும். ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ வருபவருக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.