பெர்னினா பாதை: எக்ஸ்பிரஸா, வட்டார ரயிலா?

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து புறப்படும் பெர்னினா எக்ஸ்பிரஸும் சாதாரண வட்டார ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஏறி, 2,253 மீட்டர் உயரத்திலுள்ள ஓஸ்பிசியோ பெர்னினா நிலையத்தைக் கடந்து, செங்குத்தான மலைப்பாதைகளில் ரயிலைத் தண்டவாளத்தோடு பிடித்து நிறுத்தும் பற்சக்கரத்தின் உதவியின்றியே 429 மீட்டர் உயரத்திலுள்ள இத்தாலிய ஊரான திரானோவுக்கு இறங்குகின்றன.

எக்ஸ்பிரஸில் கூரை வரை வளைந்த கண்ணாடி உண்டு. ஆனால் அதைத் திறக்க இயலாது. இருக்கை முன்பதிவு கட்டாயம் என்பதால், சுவிஸ் டிராவல் பாஸ் (நாடு முழுவதும் ரயிலில் செல்ல உதவும் பயணச்சீட்டு) வைத்திருப்பவரும் அதற்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

தனியாகச் செல்பவருக்கு வட்டார ரயிலையே பரிந்துரைப்பேன். முன்பதிவு தேவையில்லை, சில பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து, புருசியோவின் வட்டப் பாலத்தில் ரயில் சுழன்று இறங்கும் அழகைக் கண்ணாடியின் பிரதிபலிப்பின்றிப் படமெடுக்கலாம். ஆல்ப் குரூம் நிலையத்தில் எதிரே தெரியும் பாலூ பனியாறு மனத்தைக் கவர்ந்தால், எவரையும் கேளாமல் இறங்கி, விரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் தொடரலாம். கூட்டம் மிகுந்த கோடையில் இருக்கை உறுதியாக வேண்டுமென்பவர் மட்டும் எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுக்கலாம்.