பஞ்சுக்குச்சியைக் கையில் கொடுக்கும் முன்: ஒரு குருத்தணுக் கொடையாளர் முகாம் பற்றி

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்ககத்தின் சமுதாயக் கூடத்தில், ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் குருத்தணு வழங்க முன்வருவோரைப் பதிவு செய்யும் முகாம் நடந்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுவே (ஸ்டெம் செல்) குருத்தணு. நடத்திய பதிவகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறையும் சொல்லவிருக்கிறேன், ஒரு நாள் அனுபவத்தை வைத்து ஓர் அமைப்பு முழுவதையும் எடை போடுவது முறையாகாது.

கூடத்தில் மூன்று மேசைகள் இருந்தன: விளக்கம் சொல்ல ஒன்று, படிவத்துக்கு ஒன்று, மாதிரி எடுக்க ஒன்று. தன்னார்வலர்கள் ஆறு பேரில் நால்வர் கல்லூரி மாணவர்கள். ஒருவர், தன் மகனுக்குப் பொருத்தமான கொடையாளரைத் தேடிப் பல மாதங்கள் காத்திருந்த தாய். இன்னொருவர், முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏற்கெனவே குருத்தணு கொடுத்திருந்த இளைஞர். முகாமின் பலம் முழுவதும் இந்த இருவரிடம்தான் இருந்தது என்பது என் கணிப்பு. மாணவர்கள் துண்டறிக்கையில் இருப்பதை அழகாக ஒப்பித்தார்கள். நாம் எதைக் கேட்கத் தயங்குகிறோம் என்பதோ இந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அம்மையார் அறிவியலைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ரத்த வகை பொருந்துவது வேறு, இது வேறு என்றுதான் அவர் தொடங்கினார். இங்கே பார்க்கப்படுவது, தன் அணு எது, அந்நிய அணு எது என்று உடல் பிரித்தறிய உதவும், ஹெச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம். அதில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. ரத்த வகை வேறாக இருந்தாலும் இந்த அடையாளம் பொருந்தினால் சிகிச்சை செய்யலாம் என்றும், அதன்பின் நோயாளியின் ரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும் என்றும் அவர் சொன்னபோது, அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த அடையாளங்கள் மரபு வழியாக வருவதால், ஒரு தமிழ் நோயாளிக்கு உறவுக்கு வெளியே பொருத்தம் கிடைப்பதாக இருந்தால், அது பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களிடமிருந்தே கிடைக்கும். உலகப் பதிவகங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தும், ஜெர்மனியில் மட்டும் ஒரு கோடி பேரளவுக்குப் பதிவாகியிருந்தும், நம்மவர் ஒருவருக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவாக இருப்பது இதனால்தான்.

இத்தனைக்கும் இந்தச் சிகிச்சை நமக்குப் புதிதன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983ஆம் ஆண்டிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டிலும், நோயாளியின் மஜ்ஜைக்குப் பதிலாகக் கொடையாளரின் குருத்தணுவைச் செலுத்தும் மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. உறவல்லாத கொடையாளர்களைத் திரட்டும் தாத்ரி பதிவகம் சென்னையில் தொடங்கப்பட்டது 2009ஆம் ஆண்டில்தான். லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய் தன் மகன் ஆன்டனிக்காக உலகின் முதல் பதிவகத்தைத் தொடங்கியது 1974ஆம் ஆண்டில் என்பதை வைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு பிந்தினோம் என்பது விளங்கும்.

பதிவு எளிதாகவே இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து, உலரவிட்டு உறையிலிட வேண்டும். ஊசியும் இல்லை, கட்டணமும் இல்லை. எங்கள் கூடத்தில் எழுந்த கேள்விகளில் பாதி, முதுகுத்தண்டில் துளையிடுவார்களா என்பதுதான். தன்னார்வலர்கள் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் ரத்த ஓட்டத்திலிருந்தே குருத்தணு பிரிக்கப்படுகிறது. அதற்கு முன் நான்கைந்து நாள்கள் தோலுக்கடியில் ஊசி போட்டு, மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரச் செய்கிறார்கள். பிறகு ஒரு கையிலிருந்து எடுக்கும் ரத்தம் இயந்திரத்தின் வழியாக மறு கைக்குத் திரும்ப, சில மணி நேரத்தில் வேலை முடிகிறது. மஜ்ஜையையே எடுக்க வேண்டி வந்தாலும், மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்துதான் எடுப்பார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. “வலிக்காது என்று சொல்ல மாட்டேன், ஃப்ளூ காய்ச்சல் வந்தவனைப் போல நாலு நாள் எலும்பெல்லாம் குடைந்தது, மாத்திரை போட்டுக்கொண்டேன், பிறகு சரியாகிவிட்டது” என்று அந்த இளைஞர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது, துண்டறிக்கையில் இருந்த ‘ரத்ததானம் போலவே எளிது’ என்ற வாசகத்தைவிட எனக்கு நம்பிக்கை தந்தது. (தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லிப் பணம் கட்டச் சொல்லும் கம்பெனியா இது என்று இரண்டு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு என்று வாசலிலேயே எழுதி ஒட்டுவது நல்லது.)

இனி என் மனக்குறை. குருத்தணு செலுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நோயாளிக்குக் கடும் மருந்துகள் கொடுத்து அவருடைய மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் கொடையாளர் ‘வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்’ என்று விலகினால், நோயாளிக்குத் தன் மஜ்ஜையும் இல்லை, வரவேண்டியதும் இல்லை, உயிரே போகக்கூடும். கொடையாளருக்கு எந்த நேரத்திலும் விலகும் உரிமை உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையை இன்றே, பஞ்சுக்குச்சியைத் தொடும் முன்பே பயன்படுத்திக்கொள்வது நல்லது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் தன்னார்வலர்கள்தாமே? எங்கள் முகாமில் நான் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. ஒப்புதல் படிவத்தில் அது மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருந்தது. சான்றிதழுக்காகவும் குழுப் படத்துக்காகவும் வரிசையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

மாறாக, எதிர்வீட்டுக்காரர் ஒருவர் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, “அம்மாவிடம் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று எழுந்தபோது, அந்த அம்மையார் அவரை வற்புறுத்தவில்லை. “இப்போதே சொன்னீர்களே, அதற்கே நன்றி” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். அன்று பார்த்தவற்றில் இதற்கே முதல் மதிப்பெண் தருவேன். எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதைவிட, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது என்று அழைப்பு வரும்போது எத்தனை பேர் எடுத்துப் பேசுவார்கள் என்பதுதான் கணக்கு. கைபேசி எண் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஒருவர்தான் சொன்னார், அதுவும் போகிற போக்கில்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. பதினெட்டு வயது நிறைந்து ஐம்பதைத் தாண்டாதவர்கள் தயங்காமல் போகலாம். இளையவர்களின் குருத்தணுவையே மருத்துவர்கள் விரும்புவதால், நாற்பத்தாறு வயதான என்னைவிட உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போவது மேல். வீட்டாரையும் உடன் அழைத்துச் சென்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

படிவம் தமிழில் வேண்டும் என்று அன்று மாலையே அவர்களுக்கு எழுதினேன். பத்து நாள் கழித்து, “நீங்களே ஒரு வரைவு எழுதித் தருகிறீர்களா?” என்று பதில் வந்தது. எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் பக்கத்துப் பத்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அச்சில் அது அங்கேயே இருக்கிறதா என்பதை அடுத்த முகாமில் பார்க்க வேண்டும்.