கார்த்திகைக்கு மண் அகலா, சீன விளக்கா?
கார்த்திகை நெருங்கினால் கோயம்புத்தூர் கடைகளில் சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் எல்.இ.டி. விளக்குதான் முன்னால் நிற்கிறது. காற்றுக்கு அணையாது, எண்ணெய்க் கறை இல்லை, அபார்ட்மெண்ட் பால்கனிக்குச் சௌகரியம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும், அதை யாரும் சொல்லி விற்பதில்லை.

மண் அகல் அப்படியில்லை. களிமண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, காயவைத்துச் சூளையில் சுட வேண்டும். ஐப்பசி அடைமழை பிடித்தால் எதுவும் காயாது, குயவர் பாடு திண்டாட்டம். எண்ணெய் குடிக்கிறது என்று குறை சொல்பவர்கள் புது அகலைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, துடைத்துக் காயவிட்டு ஏற்றிப் பாருங்கள், அவ்வளவாகக் குடிக்காது. உடையாவிட்டால் அடுத்த வருஷமும் ஆகும்.

எங்கள் வீட்டில் வாசல், திண்ணை, மாட்டுத்தொழுவம் எல்லாம் அகல்தானுங்க. மொட்டைமாடிச் சுவருக்கு மட்டும் சீரியல் லைட், சரி, பசங்க ஆசைக்கு.